மாற்று உப்பு

பிப்ரவரி 3, திங்கள்

இன்றும் வேலாத்தாள் சாப்பிடவில்லை. தட்டில் வைத்த சோற்றை இந்தப் பக்கம் ஒதுக்கினாள், அந்தப் பக்கம் ஒதுக்கினாள், கடைசியில் எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டுப் பொடக்காலிச் சுவரில் காக்காய்க்கு வைத்துவிட்டு வந்தாள்.

"காக்கா மட்டும் திங்குது பாரு," என்றேன்.

"அதுக்கு ரத்தக்கொதிப்பு இல்லீங்."

பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. உடம்புதான் குறைந்துகொண்டே வருகிறது. ரவிக்கைக் கை தொங்குகிறது.

டாக்டர் சொன்னது இது: ரத்தக்கொதிப்பு அதிகம், கால் வீக்கம், சிறுநீரகம் சோர்ந்துவிட்டது. உப்பைக் குறைக்க வேண்டும். குறைக்கச் சொன்னால் ஊரில் எல்லோரும் ஒரு சிட்டிகை கம்மியாகப் போட்டுவிட்டுக் குறைத்துவிட்டோம் என்பார்கள். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அன்றே உப்பு ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். கூடவே ஓர் அச்சடித்த தாளும் கொடுத்தார்கள். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, உருளைக்கிழங்கு கூடாது, தக்காளி கூடாது. ஏன் கூடாது என்று ஒரு வரி இல்லை. காரணம் சொல்லாத கட்டளைகளுக்குச் சாயப்பட்டறை பாய்லர் அறையில் ஆயுசு முழுக்கக் கீழ்ப்படிந்தாகிவிட்டது. வீட்டிலுமா?

பிப்ரவரி 5, புதன்

சாந்தாமணி போனில் கூப்பிட்டாள். "ஏனுங்ப்பா, அம்மா சோறு திங்கறதில்லையாமா? சித்த உப்புப் போட்டுக் குடுங்க. கொஞ்சம் சேத்தலாம்னுதான சொன்னாங்க?"

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். "கொஞ்சம்னா கொஞ்சந்தானுங்ப்பா" என்றாள். மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தேன். பனியன் கம்பெனியில் ஒரு லைனுக்கே சூப்பர்வைசர். கொஞ்சத்துக்கு அளவு தெரியவில்லை.

அவள் விட்டுப்போன பாடப் புத்தகங்களை வைத்துத்தான் நான் வேதியியல் படித்தேன். அவள் ஒரு தடவை படித்தாள், நான் அட்டை கிழியும் வரை படித்தேன். உப்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சோடியம் தனியாக இருந்தால் தண்ணீர் பட்ட மாத்திரத்தில் எரியும். குளோரின் தனியாக இருந்தால் மூச்சை அடைக்கும். சாயப்பட்டறையில் வெளுப்புத் தொட்டிப் பக்கம் நின்றவனுக்கு அது தெரியும். சோடியத்தின் வெளிவட்டத்தில் ஓர் எலக்ட்ரான் உபரி. குளோரினுக்கு ஒன்று குறை. அது கொடுக்கிறது, இது வாங்குகிறது. கொடுத்தது நேர்மின் அயனி ஆகிறது, வாங்கியது எதிர்மின் அயனி ஆகிறது. பிறகு ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டு விஷம் சேர்ந்து சாப்பாட்டுப் பொருள்.

புத்தகத்தில் ஒரு சோடியம், ஒரு குளோரின் என்று மணமக்கள் மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் படம் போடுகிறார்கள். படிக்கிறவனைக் கெடுக்கிற படம். உப்புக் கல்லுக்குள் சோடி என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினையும் ஆறு சோடியம். எது யாருடையது என்று சொல்ல முடியாது. அடுக்கி வைத்த செங்கல் மாதிரி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் அடுப்பில் எத்தனை எரித்தாலும் உருகாது. அதனால்தான் சுத்தியலால் தட்டினால் நசுங்காமல் நேர்கோட்டில் பிளக்கும். ஒரு வரிசை நகர்ந்தால் போதும், நேருக்கு நேர் ஒரே மின்சுமை வந்து நிற்கும், ஒன்றையொன்று தள்ளிவிடும்.

வேலாத்தாளிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அத்தனையும் செரிங்க, ஒரு கல்லு போட்டா என்ன?" என்றாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று காலை பல் தேய்க்கும்போது தோன்றியது. ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்பதுதான் ஆச்சரியம். பாய்லர் அறையில் தினமும் செய்த வேலை!

திருப்பூர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அப்படியே பாய்லருக்குள் விட்டால் குழாய்க்குள் கல் மாதிரிப் படிந்து வெடிக்கும். அதற்காக சாஃப்ட்னர் தொட்டி. உள்ளே மணல் மாதிரி ரெசின் குருணை. அந்தக் குருணையில் சோடியம் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் ஓடும்போது சுண்ணாம்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை எழுப்பிவிடும். குருணை முழுக்கச் சுண்ணாம்பு உட்கார்ந்ததும் நாங்கள் உப்புத் தண்ணீர் ஊற்றுவோம். கெட்டியான கரைசல் வந்தால் சுண்ணாம்பு எழுந்து போகும், சோடியம் மறுபடி உட்காரும். ஒருமுறை உப்பு லாரி வராதபோது பொட்டாசியம் குளோரைடு ஊற்றி வேலையை முடித்தேன். தொட்டிக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முதலாளிக்கும் தெரியவில்லை. அதை எழுதிக் கொடுத்தேன். கிழித்துப் போட்டுவிட்டு, டிப்ளமோ முடித்த ஒருவனைக் கூட்டிவந்து என் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

பொட்டாசியம் சோடியத்துக்கு நேர் கீழ்க் கட்டத்தில் இருப்பது. அதே ஒற்றை எலக்ட்ரான், அதே ஒற்றை நேர்மின்சுமை. சற்றுப் பெரிய ஆள், அவ்வளவுதான். அதுவும் கனசதுரம், அதுவும் வெள்ளை, அதுவும் உருகாது, அதுவும் கரையும். நாக்குக்கு உப்புதான்.

உடம்பில் உட்கார்ந்திருக்கும் சோடியத்தை எழுப்பிவிட இதைவிட என்ன வேண்டும்?

பிப்ரவரி 10, திங்கள்

கெமிக்கல் கடைக்குப் போனேன். பொன்னுசாமி இன்னும் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

"என்னுங்ணா, வேலைய உட்டும் கெமிக்கல் உடமாட்டீங்களாட்ட?"

"வீட்ல ஒரு பரிசோதனை."

"அக்கா மேலயா?" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

வெள்ளை டப்பா. ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும், உணவுக்கோ மருந்துக்கோ அல்ல என்று பக்கத்தில் போட்டிருக்கிறது. கோர்ட்டுக்குப் பயந்து எல்லாவற்றிலும் போடுகிறார்கள்.

வாங்கியதை அப்படியே போடுகிறவன் இல்லை நான். கொதிநீரில் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, தட்டில் ஊற்றி மாடியில் வைத்தேன். மாலை அடியில் சின்னச் சின்னக் கட்டமாகப் படிகம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூலைகள் அத்தனை நேர்த்தி. பழைய பைக் பேட்டரியில் இண்டிகேட்டர் பல்பைக் கோத்து, இரண்டு கம்பியையும் காய்ந்த படிகத்தில் வைத்தேன். எரியவில்லை. கரைசலில் விட்டேன். எரிந்தது. கட்டிக்குள் அயனிகள் நகர முடியாது, தண்ணீரில் அவிழ்ந்துகொண்டு நீந்தும். சோற்றுப்பு எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே.

"அடுப்பங்கரையில கரண்டெல்லாம் எதுக்குங்க?" என்று சமையலறை வாசலில் நின்று கேட்டாள்.

"உனக்குத்தான் உப்புச் செஞ்சிருக்கேன்," என்றேன். "இதுல சோடியம் கிடையாது. எத்தனை வேணாலும் போட்டுக்க."

அவள் முகம் மலர்ந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பல மாதங்களாகப் பார்க்காத முகம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

அரிசிம்பருப்புச் சோறு வைத்தாள். முதல் வாயை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"எப்படி?"

"உப்பாத்தான் இருக்குது. பின்னால சித்த கசக்குதுங்."

"உன்ற நாக்கு மரத்துப் போச்சு. உப்பில்லாமத் தின்னு தின்னு."

"இருக்கும்," என்றாள். தட்டைக் காலி செய்துவிட்டாள். காக்காய்க்கு ஒன்றும் இல்லை இன்று.

பிப்ரவரி 24, திங்கள்

மருந்துக் கடையில் ரத்தக்கொதிப்புப் பார்த்தோம். இறங்கியிருக்கிறது. கடைக்காரப் பெண் இரண்டு தடவை கருவியைக் கட்டிப் பார்த்தது. "மாத்திரை நல்லா வேலை செய்யுதுங்" என்றது. மாத்திரையாம். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வேன். ஒன்றரை மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு அந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்து, காரணத்தோடு சொல்வேன்.

வழியில் வேலாத்தாள் இரண்டு இடத்தில் நின்றாள். மூச்சு வாங்குகிறது என்றாள். வெயில்.

மார்ச் 2, ஞாயிறு

சாந்தாமணி வந்திருந்தாள். அம்மா சாப்பிடுவதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷம். "உப்புப் போட்டுட்டீங்களாட்ட?" என்றாள். அளவோடு போடுகிறேன் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவளிடம் பொட்டாசியம் என்று சொல்லியிருந்தால் உடனே போனை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்திருப்பாள். போனில் வருவது படிப்பா?

அம்மாவும் மகளும் வெளியே தெருமுனை வரை போய்விட்டு வந்தார்கள். வேலாத்தாள் முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என்ன என்றேன். ஒன்றும் இல்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மார்ச் 12, புதன்

கால் பஞ்சு மாதிரி இருக்கிறதாம். உட்கார்ந்தால் எழ முடியவில்லை. கூட்டுவதை நான் எடுத்துக்கொண்டேன். கூட்டினால் குப்பை ஒன்றும் அத்தனை இல்லை. இதற்காகவா தினமும் அத்தனை நேரம் எடுத்துக்கொண்டாள்?

தண்ணீர் பிடித்தேன். துணி துவைத்தேன். போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். ரத்தச்சோகையாக இருக்கும். முருங்கைக்கீரை வாங்கிப் பொரியல் செய்தேன். நானே உப்புப் போட்டேன். நன்றாகவே போட்டேன். பலவீனமாக இருக்கிறவளுக்கு ருசியாவது இருக்கட்டும்.

"உங்க கைக்கு உப்புத் தூக்கல்," என்றாள்.

"என்ற உப்பு தூக்கலா இருந்தாலும் ஒண்ணும் பண்ணாது."

"கசப்புமில்ல தூக்கலா இருக்குது," என்று சிரித்தாள். சாப்பிட்டாள். எனக்காகச் சாப்பிட்டாளோ என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. இருக்காது. அவள் அப்படி விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை.

மார்ச் 19, புதன்

தலை வாரிக்கொள்ளக் கை தூக்க முடியவில்லை. நான் வாரிவிட்டேன். எத்தனை வருடம் கூட இருந்தும் அவள் தலையை நான் வாரியதில்லை. இடது பக்கம் ஒரு தழும்பு. எப்போது பட்டது என்றேன். "நம்ம கலியாணத்துக்கு முன்னாலயே இருக்குதுங்," என்றாள்.

டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். வர வெள்ளிக்கு அடுத்த வெள்ளி போவோம், கணக்கு இன்னும் முழுதாகவில்லை என்றேன்.

மார்ச் 22, சனி

காலையில் குளியலறை வாசலில் விழுந்துவிட்டாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். நாடித்துடிப்பு விட்டு விட்டு வந்தது. அவசரப் பிரிவில் நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். காகிதத்தில் வந்த கோட்டைப் பார்த்ததும் இளவயது டாக்டரம்மா ஓடினாள். நடந்து போவாள் என்று பார்த்தேன், ஓடினாள்.

சாந்தாமணி வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். தலையில் பஞ்சுத் தூசி.

டாக்டரம்மா வந்து கேட்டாள்: "ரத்தத்துல பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு. இதயம் எந்த நேரமும் நின்னு போயிருக்கும். அம்மாவுக்கு என்ன குடுத்தீங்க? நாட்டு மருந்து? உப்புக்குப் பதிலா வேற ஏதாவது உப்பு?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ரெசின் தொட்டியிலிருந்தா, கனசதுரத்திலிருந்தா? அதற்குள் படுக்கையிலிருந்து குரல் வந்தது.

"எளநிங்க. நாந்தானுங் அவருக்குத் தெரியாமக் குடிச்சுப்போட்டேன். ரொம்ப நாளாவே."

சாந்தாமணி வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அதுதான் கூடாதுன்னு தாள்ல போட்டுக் குடுத்தோமே பாட்டி," என்றாள் டாக்டரம்மா. இளநீரில் பொட்டாசியம் அதிகமாம். வாழைப்பழத்திலும். அதுதான் காரணமாம். அதை ஒரு வரி அந்தத் தாளில் போட்டிருந்தால் என்ன?

வேலாத்தாள் என்னைப் பார்க்கவில்லை. மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 23, ஞாயிறு

டயாலிசிஸ் செய்தார்கள். இப்போது பேசுகிறாள்.

வராந்தாவில் டாக்டரம்மாவைப் பிடித்து, பொட்டாசியம் என்னதான் செய்யும் என்று கேட்டேன். படிக்காத கிழவன் என்று நினைத்துக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி ஆரம்பித்தாள். நான் அயனி என்ற சொல்லைச் சொன்னதும் நிறுத்தி, என்னை ஒருமுறை பார்த்து, சரியாகச் சொன்னாள். ஒவ்வொரு செல்லும் பொட்டாசியத்தை உள்ளே வைத்துக்கொண்டு சோடியத்தை வெளியே நிறுத்தியிருக்கிறதாம். அந்த வித்தியாசம்தான் மின்அழுத்தம். அதில்தான் இதயம் துடிக்கிறது. வெளியே பொட்டாசியம் கூடினால் வித்தியாசம் குறைந்து, துடிப்பு தடுமாறும். நல்ல சிறுநீரகம் மிச்சத்தைக் கழித்துவிடும். இவளுடையது கழிக்காது.

பேட்டரி. அவள் முடிப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டும் ஒரே மின்சுமைதான், ஆனால் செல்லின் கதவு மின்சுமையைப் பார்ப்பதில்லை, ஆளைப் பார்க்கிறது. ரெசின் தொட்டி அப்படிப் பார்க்காது.

சாந்தாமணி பன்னிரண்டாவதில் கம்ப்யூட்டர் பிரிவு எடுத்தாள். கணக்கு, இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர். உயிரியல் புத்தகம் மட்டும் வீட்டுக்கு வரவே இல்லை. அவள் அந்தப் பிரிவு எடுத்திருந்தால் நான் படித்திருப்பேன்.

மார்ச் 24, திங்கள்

சாந்தாமணி டீ வாங்கப் போன நேரத்தில் கேட்டேன்.

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"எளநின்னு."

"குடிச்சேனுங்க. பொய்யா?"

"எத்தனை?"

"ரெண்டு." என் பக்கம் திரும்பி, "அந்தப் புள்ள முன்னால உங்களத் தப்புன்னு சொல்லியிருப்பாங்க. உங்களால அதைத் தாங்க முடியாதுங்க. எனக்குத் தெரியும்," என்றாள்.

தப்பு என்று யார் சொன்னது, அளவுதான் கூடிவிட்டது என்று சொன்னேன். ஊசி குத்திய கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள். அந்தக் கையில் பலமே இல்லை. நானாகத்தான் பேச்சை நிறுத்தினேன்.

"ஊட்டுக்குப் போனதும் அதைக் கொட்டிருங்க. சாமி சத்தியமாக் கொட்டோணும்."

பார்க்கலாம் என்றேன்.

பார்க்கலாம் என்றா சொன்னேன்? ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

மார்ச் 25, செவ்வாய்

பொட்டாசியம் மறுபடி ஏறுகிறது. டயாலிசிஸில் ரத்தத்தில் இருந்ததை எடுத்தார்களாம், உடம்புக்குள்ளே சேர்ந்திருந்தது வெளியே வருகிறதாம். டாக்டரம்மா கையில் தாளோடு வந்தாள். சாந்தாமணி பக்கத்திலேயே நின்றாள்.

"ஐயா, எளநில இத்தனை ஏறாது. நானும் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். எவ்வளவு நாளா, எவ்வளவு உள்ள போயிருக்குன்னு தெரிஞ்சா மறுபடி டயாலிசிஸைத் தள்ளிப் போடாம இப்பவே தொடங்கிருவோம். இல்லேன்னா மருந்து குடுத்துக் காலைல மறுபடி பாக்கறதா இருக்கோம். வேற ஏதாவது குடுத்தீங்களா?"

அவள் கணக்கு சரி. நானும் அதே கணக்கைப் போட்டிருந்தேன். அதே விடைதான் வந்தது. அவளிடம் சரி என்று சொல்லத் தோன்றியது. ஒரு நொடி, வகுப்பில் இரண்டு பேருக்கு மட்டும் விடை தெரிந்த மாதிரி இருந்தது.

"இல்லீங்க" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

சாந்தாமணி, "அப்பாவுக்குத் தெரிஞ்சா மறைக்க மாட்டாருங்க. எதுவா இருந்தாலும் முகத்துக்கு நேராச் சொல்லிருவாரு," என்றாள்.

நாளைக்குச் சொல்லிவிடுவேன். சாந்தாமணி வேலைக்குப் போன பிறகு, டாக்டரம்மா தனியாக இருக்கும்போது. காரணத்தோடு, வரிசையாக, டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு போய்.

மார்ச் 26, புதன்

விடிவதற்கு முன் வேலாத்தாள் போய்விட்டாள்.

மார்ச் 29, சனி

பால் ஊற்றிக் காரியம் முடிந்தது. வந்தவர்கள் எல்லோரும் இளநீரைப் பற்றிப் பேசினார்கள். எளநி குளிர்ச்சின்னுதான நாமெல்லாம் குடிக்கறோம், அதுல போயி இப்படியா என்று. சாந்தாமணியின் மாமியார், நோயாளி கேட்டாலும் கூட இருக்கிறவங்களுக்குப் புத்தி வேண்டாமா என்றாள். யாரைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

இரண்டு வேளைக்கும் சேர்த்து நானே சோறு வைத்தேன். குழைந்துவிட்டது.

ஏப்ரல் 5, சனி

டப்பாவை எடுத்து வாளித் தண்ணீரில் கொட்டினேன். கலக்கினேன். தண்ணீர் ஒவ்வொரு அயனியையும் சூழ்ந்துகொண்டு கல்லிலிருந்து பிரித்துக் கொண்டுபோகும். கொஞ்ச நேரத்தில் வாளியில் தெளிந்த தண்ணீர் மட்டும். யார் பார்த்தாலும் தண்ணீர் என்றுதான் சொல்வார்கள். வாளியை வெயிலில் வைத்தால் அத்தனையும் மறுபடி கட்டம் கட்டமாக அடியில் வந்து உட்காரும். ஒன்றுகூடக் குறையாது.

சாக்கடையில் ஊற்றிவிட்டு வாளியைக் கழுவினேன். மறுபடி கழுவினேன்.

அவள் சொன்னபோதே செய்திருந்தால் என்று எழுத வந்தேன். அவள் சொன்னபோது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், டப்பா வீட்டில் இருந்தது. கொட்டியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. மாறியிருக்கக் கூடியது வேறு.

ஏப்ரல் 13, ஞாயிறு

சாந்தாமணி வந்தாள். முகம் ஒட்டிப்போய்விட்டது. சமைத்தாள், பாத்திரம் கழுவினாள், வேலாத்தாளின் புடவைகளை மடித்து அடுக்கினாள். மாப்பிள்ளை நேற்றே போனில் சொல்லியிருந்தார், ஒரு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, வேலைக்கும் போகவில்லை என்று.

மத்தியானம் என் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்ககிட்டச் சொல்லாம இருக்க முடியல."

"சொல்லு."

"எளநி நாந்தானுங்ப்பா வாங்கிக் குடுத்தேன். நான் இங்க வந்த ரெண்டு தடவையும். அம்மா கேட்டுச்சு, வாயெல்லாம் கசப்பா இருக்குது, இனிப்பா ஏதாச்சும் வேணும்னு. பாவமா இருந்துச்சு. தாள்ல கூடாதுன்னு போட்டிருந்ததைப் படிச்சிட்டுத்தான் வாங்கிக் குடுத்தேன். ரெண்டு தடவைல என்ன ஆயிரும்னு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆஸ்பத்திரில அம்மா தானாக் குடிச்சேன்னு சொல்லி என்னையக் காப்பாத்திருச்சு. நான் வாயை மூடிட்டு நின்னேன். அந்த டாக்டரம்மா அத்தனை தடவை கேட்டாங்க. நின்னேன்."

அவள் காப்பாற்றியது உன்னை அல்ல.

இதை மனத்துக்குள் சொன்னேன். வாயில் வரவில்லை. வந்தது கணக்குதான்.

"கண்ணு, இங்க பாரு. ஒரு எளநில எத்தனை பொட்டாசியம் இருக்கும்னு எனக்குத் தெரியும். ரெண்டு எளநி, அதுவும் வாரக்கணக்கு இடைவெளி விட்டு. அந்த அளவுக்கு ஏறவே ஏறாது. அந்த டாக்டரம்மாவே சொன்னா, நீயும் கேட்ட. உன்னால ஒண்ணும் ஆகலை."

"அப்பறம் வேற எதுனாலப்பா?"

தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவள் அம்மாவின் கண். எதைக் கேட்டாலும் நான் விடை வைத்திருப்பேன் என்று நம்பி வளர்ந்த பெண். சின்ன வயதில் வானம் ஏன் நீலம் என்று கேட்பாள். தெரியாதபோதும் ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருக்கிறேன். இன்றைக்கு விடை தெரியும். இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்கு மட்டும் தெரியும். எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை கரண்டி, எல்லாம்.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியல கண்ணு," என்றேன்.

அவள் முகத்தில் ஏதோ உடைந்தது. என் முழங்காலில் தலையை வைத்து அழுதாள்.

"உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு உண்டாப்பா? எந்த ஊரு டாக்டருகிட்டயும் விட்டுக்குடுக்காத ஆளு நீங்க. தெரியலைன்னு சொல்றீங்களே. என்னையத் தேத்தறதுக்காகச் சொல்றீங்க. நாந்தான்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்கறீங்க." மூக்கைச் சிந்தினாள். "நீங்க இத்தனை நல்லவருன்னு எனக்குத் தெரியாமப் போச்சுங்ப்பா. அம்மா இருந்தப்ப உங்களை எத்தனை பேசியிருக்கேன்."

நான் அவள் தலையில் கை வைத்தேன். எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுத்தால் ஏன் என்று கேட்பாள்.

பிறகு எழுந்து முகம் கழுவி வந்து எனக்குச் சோறு போட்டாள். இனி ஞாயிறு தவறாமல் வருவாளாம். நான் தனியாக இருக்கக் கூடாதாம். அவள் மட்டும் சாப்பிடவில்லை. வற்புறுத்தினேன், வேண்டாம் என்றாள், பசிக்கவில்லை என்றாள். எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிட்டு முடிக்கும் வரை விசிறிக்கொண்டிருந்தாள்.